எத்தனை தலைகளைத் தொட்டாய்?

அழகுக்கலைப் பயிற்சிக்கு மகளைச் சேர்ப்பது பற்றி விசாரிப்பதற்காக மட்டக்களப்புக்கு அருகே ஆரையம்பதியிலுள்ள என் கடைக்கு வரும் தாய்மார் கேட்கும் முதற் கேள்வி கட்டணத்தைப் பற்றியதாகவும், இரண்டாவது கேள்வி சான்றிதழைப் பற்றியதாகவும் இருக்கும். மூன்றாவது கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. அதை நானே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, எந்த நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன்பும் கேட்டுவிடும்படி அனுப்பிவைப்பது என் வழக்கம்: பயிற்சி முடிவதற்குள் பிள்ளை எத்தனை உயிருள்ள தலைகளில் கை வைத்திருப்பாள்?

உயிருள்ள தலை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயிற்சி நிலையங்களில் மேசை விளிம்பில் திருகி நிறுத்தும் பொம்மைத் தலையை நாங்கள் டம்மி என்போம். அது தும்மாது, வியர்க்காது, "கழுத்து நோகுது புள்ள" என்று முனகாது. அதன் உச்சியில் சுழி இல்லை, காதுக்குப் பின்னால் பழைய தழும்பு இல்லை, பிரசவத்துக்குப் பின் கொட்டி நெற்றியோரத்தில் மறுபடி முளைக்கும் குட்டை முடிகளும் இல்லை. பின்னலும் கொண்டையும் பழகுவதற்கு அது போதும். வெட்டுப் பழகுவதற்கோ ஒரு டம்மி ஓரிரு முறைக்கு மேல் உதவாது, ஏனென்றால் வெட்டிய முடி அதில் வளரப்போவதில்லை. மனிதத் தலையில் முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் வளர்கிறது. ஆகவே வகுப்பிலுள்ள பிள்ளைகள் ஒருவர் தலையில் ஒருவர் வெட்டிப் பழகி முடித்துவிட்டால், ஆறு மாதப் பயிற்சியில் மூன்றாம் மாதத்திலேயே வெட்டுவதற்குத் தலை இல்லாமற் போய்விடுகிறது. அதன் பிறகு வெளியிலிருந்து ஆட்களை வரவழைக்கத் தெரிந்த நிலையத்தில் பிள்ளைகள் தொழில் கற்கிறார்கள். தெரியாத நிலையத்தில் கொப்பி எழுதுகிறார்கள்.

நான் கொப்பி எழுதியவள். உயர்தரப் பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குப் போதாமற் போன பிறகு, 2012 ஆம் ஆண்டில், மட்டக்களப்பு நகரில் அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு தனியார் வகுப்பில் சேர்ந்தேன். களுவாஞ்சிகுடியிலிருந்து காலை பஸ்ஸில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நின்றுகொண்டே வரவேண்டும். புதிய கல்லடிப் பாலம் இன்னும் திறக்கப்படவில்லை. 1924 இல் கட்டிய ஒடுங்கிய இரும்புப் பாலத்தின் முனையில், எதிர்ப்பக்க வாகனங்கள் வந்து முடியும்வரை பஸ் காத்துநிற்கும். பிந்தி வந்த பிள்ளைகள் எல்லோரும் பாலத்தைக் காரணம் சொல்வோம், பாலத்தைக் கடக்கத் தேவையில்லாத நகரப் பக்கமே வீடுள்ளவர்கள் உட்பட. இருபத்து நான்கு பேருக்கு மூன்று டம்மிகளும் ஆவி பிடிக்கும் இயந்திரம் ஒன்றும் இருந்தன. கிறீம்களின் பெயர்களையும் அவற்றைப் பூசும் ஒழுங்கையும் பலகையில் எழுதிப்போடுவார்கள். நாங்கள் பார்த்து எழுதுவோம். நகத்துக்கு ஒரு பக்கம், முகத்துக்கு நாலு பக்கம், மணப்பெண் அலங்காரத்துக்கு ஒட்டுமொத்தமாக ஒரு நாள்.

அந்த வகுப்பில் உண்மையாகவே கற்றுக்கொண்ட ஒரே கைவேலை திரெடிங் என்று சொன்னால் அது மிகையாகாது. புருவம் எடுக்கும் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை இரண்டு கைகளிலும் சுற்றி, நடுவில் முறுக்கு விழச் செய்து, அந்த முறுக்கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட வேண்டும். கேட்பதற்கு எளிது. முதல் வாரம் எல்லோரும் பாவாடையை முழங்கால் மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு, சொந்தக் கணுக்காலின் முடியிலேயே பழகினோம். நூல் பட்டு உதடு வெடித்தது, தோல் கிள்ளுப்பட்டுச் சிவந்தது. இரண்டாம் வாரம் பக்கத்தில் இருப்பவளின் புருவத்துக்கு வந்தோம். ஒருத்தி எடுத்தது சரியில்லை என்று மற்றவள் திருத்த, அதையும் சரிப்படுத்த இன்னொருத்தி முயல, மாத முடிவில் இருபத்து நான்கு பேருக்கும் சேர்த்து எஞ்சியிருந்த புருவம் ஆறு பேருக்குக்கூடக் காணாது. காத்தான்குடியிலிருந்து வந்த தோழி ஒருத்தி, வீட்டில் வாப்பா முகத்தைப் பார்த்துவிடுவார் என்று ஒரு வாரம் நெற்றிவரை முக்காட்டை இழுத்துவிட்டுத் திரிந்தாள். ஆயினும் அந்த இருபத்து நான்கு முகங்கள்தான் என் முதல் மூலதனம். இன்றைக்கும் என் கை நம்பிக்கையோடு போகும் வேலை அதுவே.

பட்டமளிப்பு மாத்திரம் பெரிதாக நடந்தது. கறுப்பு அங்கி, தொப்பி, மேடை, படப்பிடிப்பு, சட்டமிட்ட சான்றிதழ் எல்லாம் இருந்தன. அந்தச் சான்றிதழை மாட்டுவதற்கு வீட்டுச் சுவரில் ஆணி அடித்த வாரத்திலேயே என் மாமியின் தலைக்கு டை பூசினேன்.

நரைமுடிக்குக் கறுப்பு டை பூசுவது எல்லோரும் வீட்டில் செய்துகொள்வதுதானே என்ற எண்ணம். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த சிறு தாளில், பூசுவதற்கு 48 மணித்தியாலங்களுக்கு முன் தோலில் ஓரிடத்தில் வைத்துப் பார்க்கும்படி எழுதியிருந்தது. வகுப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதிப்போட்டிருக்கவில்லை, நானும் அந்தத் தாளை வாசிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் மாமியின் நெற்றியும் கண்ணிமைகளும் வீங்கிக் கண் திறக்க முடியாமல் இருந்தன. "ஒண்டுமில்லகா, பனி பிடிச்சிருக்கும்" என்று அவவே எனக்கு ஆறுதல் சொன்னா. வைத்தியசாலையில் பார்த்த வைத்தியர் கேட்ட கேள்வி எனக்குப் புதிராக இருந்தது: "அம்மா, நீங்கள் கையில் கறுப்பு மருதாணி போட்டதுண்டா?" போட்டிருந்தா. ஏழெட்டு மாதங்களுக்கு முன்னர் ஒரு கல்யாண வீட்டில் கோன் வாங்கி இட்டதும், கோலம் போட்ட கோட்டின் மேலேயே சிறு சிறு கொப்புளங்கள் எழும்பி ஆறியதும் எங்களுக்கு மறந்தே போயிருந்தன.

மருதாணி இலை தனியாகத் தரும் நிறம் செம்மையும் பழுப்பும்தான். கறுப்பு அதில் கிடையாது. சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கப்படும் கோன்களில் பரா பினைலீன்டையமீன் என்ற இரசாயனம் கலக்கப்படுவதுண்டு. தலைமுடி டைகளில் கறுப்பு நிறத்தைத் தருவதும் பெரும்பாலும் இதுவே. மருதாணிக் கோனிலிருந்து ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமை பழகிவிட்டால், அடுத்த முறை டை பட்டவுடன் உடல் அதை அடையாளம் கண்டு மிகக் கடுமையாக எதிர்க்கிறது. மாமிக்கு இரண்டு வாரத்தில் சுகமாகிவிட்டது, எனக்கு ஆகவில்லை. சுவரில் மாட்டியிருந்த சட்டத்தை நானே கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, நகரத்தில் ஒரு அக்காவின் பார்லரில் உதவியாளாகச் சேர்ந்தேன். முதல் எட்டு மாதமும் எனக்குக் கிடைத்த வேலை தலை கழுவுவதும், துவாய் தோய்ப்பதும், தரையில் விழுந்த முடியைக் கூட்டுவதும்தான்.

தலை கழுவுவதை இளப்பமாக நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, ஒரு நாளைக்குப் பத்துத் தலை கழுவுகிறவளுக்கு எட்டு மாதத்தில் எத்தனை உச்சந்தலை விரலுக்குப் பழகும் என்று எண்ணிப் பார்க்கும்படி. பொடுகு எது, சொறி எது, டை பட்டுப் புண்ணானது எது, வட்டமாக முடி கொட்டி வைத்தியரிடம் அனுப்ப வேண்டியது எது என்பது விரல் நுனிக்குத்தான் முதலில் தெரியும். எங்கள் தண்ணீரையும் அங்கேதான் அறிந்துகொண்டேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள எங்கள் நிலத்தில் பல கிணறுகளின் தண்ணீர் சவர்க்காரம் நுரைக்காத தண்ணீர். அந்தத் தண்ணீரில் கழுவிய முடியில் உப்புப் படிந்து, பூசும் நிறம் ஒரே சீராகப் பிடிக்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தோல் வறண்டு இழுபடும், மாரியில் முடி சுருண்டு எழும்பும். கொழும்பிலோ சென்னையிலோ அச்சிட்ட எந்தக் கைநூலிலும் கச்சானைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இரசாயனமும் அப்படித்தான் கைக்கு வந்தது. சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்தைக் கைவிட்டவள் நான். டையோடு கலக்கும் டெவலப்பர் போத்தலில் 20 வொலியூம் என்று இருந்தால் அதில் 6 சதவீத ஐதரசன் பரவொட்சைட்டு இருக்கிறது என்பதும், 40 என்றால் அது 12 சதவீதமாகும் என்பதும், கூடிய இலக்கம் கூடிய அழகைத் தராது, கூடிய எரிச்சலைத்தான் தரும் என்பதும் அக்காவின் வாயிலிருந்து ஒவ்வொரு நாளும் விழும். முடியை நேராக்கும் ரீபொண்டிங் கிறீம் பூசிய பிறகு அவ ஒரேயொரு முடியை உருவி எடுத்து என் விரலில் சுற்றச் சொல்வா. விரலிலிருந்து விட்டதும் அது துள்ளி நிமிர்ந்தால் இன்னும் இளகவில்லை. சுற்றிய வடிவத்திலேயே சோர்ந்து கிடந்தால் இளகிவிட்டது, உடனே கழுவ வேண்டும். இழுக்கும்போது இழையாக நீண்டு அறுந்தால் நாங்கள் பிந்திவிட்டோம். முடியின் உள்ளே கந்தகப் பிணைப்புகள் உடைவதையும், இரண்டாவது கிறீம் அவற்றை நேரான நிலையில் மறுபடி கட்டுவதையும் பிற்பாடு வாசித்தபோது, எனக்கு நினைவுக்கு வந்தது அந்த ஒற்றை முடிதான்.

அரசாங்க வழியில் போகும் பிள்ளைகளுக்கு இன்று நல்ல வாய்ப்புகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1995 இலிருந்து இயங்கும் தொழிற்பயிற்சி அதிகாரசபையும், தேசிய இளைஞர் சேவைகள் மன்றமும் அழகுக்கலை, சிகை அலங்காரப் பயிற்சிகளை நடத்துகின்றன. நாங்கள் நைட்டா என்று சொல்லும் பயிலுநர் அதிகாரசபை, பிள்ளையை ஒரு வேலைத்தலத்தில் பயிலுநராக அமர்த்திப் பழக்குகிறது. இவற்றின் முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ். அது 7 மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ்கள், 5 ஆம் 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7 ஆவது பட்டத்துக்குச் சமமானது. தனித்து நின்று தொழில் செய்யக்கூடியவள் என்பதற்கு 4 ஆம் மட்டம் அடையாளம். இதில் எனக்குப் பிடித்தது, மதிப்பீட்டாளர் எழுதச் சொல்வதைவிடச் செய்து காட்டச் சொல்வதுதான். அத்துடன், படித்த இடம் எதுவாக இருந்தாலும் அனுபவம் உள்ளவர் தம் திறமையைக் காட்டித் தகைமை பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். நான் 4 ஆம் மட்டத்தை அப்படித்தான் எடுத்தேன். மதிப்பிட வந்த அம்மா என் மணப்பெண் அலங்காரப் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தா. பிறகு, பாவித்த சீப்பையும் கத்தரிக்கோலையும் அடுத்த ஆளுக்கு எடுப்பதற்கு முன் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, அதை முதலிலிருந்து கடைசிவரை நின்று பார்த்தா.

கனடாவிலுள்ள மச்சாள் ஒருத்தி இதே தொழிலில் இருக்கிறாள். ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமல் ஒருவர் சிகை அலங்காரம் செய்ய இயலாது; அதற்கான பயிலுநர் காலம் 3,500 மணித்தியாலங்கள், அதில் வகுப்பறைக்கு ஒதுக்கியது 480 மட்டுமே, மிகுதி முழுவதும் கடையில் ஆட்களின் தலையில். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. கலிபோர்னியாவில் 1,600 மணித்தியாலமாக இருந்ததை 2022 இல் 1,000 ஆகக் குறைத்தார்கள். அங்குள்ள அழகுக்கலைப் பாடசாலைகளில் மாணவர்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. குறைந்த காசுக்கு முடி வெட்டிக்கொள்ள ஊர்ச் சனம் வரும், ஆசிரியர் பின்னால் நிற்க மாணவி வெட்டுவாள். இங்கே எந்த வாடிக்கையாளரும் சான்றிதழைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த மலிவுக் கூடத்தை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வைப்பதற்கு எவருடைய சட்டமும் தேவையில்லை, கிழமையில் ஒரு பிற்பகலும் ஒரு பதாகையும் போதும். என் கடையில் புதன்கிழமை பிற்பகல் அதற்குரியது. முதல் மாதம் நாலு பேர் வந்தார்கள், மூன்று பேர் என் சொந்தக்காரர்.

சனம் வருவதற்குத் தயங்கியதன் பின்னால் இன்னொரு விடயமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் பரியாரி என்ற சொல் வைத்தியரையும் குறிக்கும், நாவிதரையும் குறிக்கும். முதலாவதற்கு மரியாதை, இரண்டாவதற்கு முற்றத்தோடு நிறுத்தும் வழக்கம். நான் இந்தத் தொழிலுக்குப் போகிறேன் என்றதும் என் பெத்தா, அதாவது பாட்டி, பரியாரி வேலைக்கா என்று கேட்டது அந்த இரண்டாவது பொருளில்தான். முடி வெட்டுவதற்கு அழகுக்கலை என்று பெயர் வைத்து, கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் பூட்டிய பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. பரம்பரையாக அத்தொழிலைச் செய்தவர்களுக்கு அந்தக் கண்ணாடிக் கதவால் என்ன கிடைத்தது என்பது வேறு கதை.

வருமானத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் நாட்காட்டியை எடுத்துக் காட்டுவேன். இந்துக்கள் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் வைப்பதில்லை. முஸ்லிம்கள் நோன்பு மாதத்தில் வைப்பதில்லை, ஆனால் பெருநாளை ஒட்டி மருதாணிக்கும் முக அலங்காரத்துக்கும் நள்ளிரவுவரை வரிசை நிற்கும். மூன்று சமூகத்துக்கும் வேலை செய்யத் தெரிந்தவளின் கடை வருடத்தில் ஒரு மாதமும் முழுதாக வெறுமையாவதில்லை. அதற்கு மூன்றையும் பழகியிருக்க வேண்டும். விடியற்புற முகூர்த்தத்துக்கு இரண்டு மணிக்கே போய், கூறைச் சேலையின் கொசுவத்தை ஊசி தெரியாமல் குத்தி, சடைநாகத்தின் பாரம் கழுத்தை இழுக்காதபடி பின்னலுக்குள் கட்ட வேண்டும். சாமத்திய வீட்டில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையை அவளுடைய வயதிலேயே இருக்க விட்டு அலங்கரிக்க வேண்டும். இது எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் கூடியிருக்கும் மாமிமார் எல்லோரும் மணப்பெண்ணைத்தான் எதிர்பார்க்கிறார்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் வீட்டின் முன்னறையைத் திரை போட்டு மறைத்துப் பெண்கள் நடத்தும் பார்லர்களுக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது; ஆண்கள் கண்ணில் படாமல் முக்காடு எடுக்கக் கூடிய இடத்துக்குத்தான் அங்குள்ள பெண்கள் வருவார்கள். பாசிக்குடா ஹோட்டல்களின் ஸ்பாக்களில் மசாஜ் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு. அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பருவமான சித்திரை, வைகாசியிலிருந்து ஐப்பசி வரை வெளிநாட்டுப் பெண்களுக்குச் சிறு பின்னல் போட்டு உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்டாருக்கும் சவூதிக்கும் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போங்கள், ஒப்பந்தத்தில் பார்லர் வேலை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடனெடுத்துக் கடை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நுண்கடனில் கதிரையும் கண்ணாடியும் வாங்கிவிட்டு, கிழமைத் தவணைக்காக வாய்க்கு வந்த விலைக்கு வேலை செய்தவர்களைக் கண்டிருக்கிறேன். 2022 ஓகஸ்டில் அழகுசாதனப் பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியபோது முதலில் பூட்டியவை அந்தக் கடைகள். வெறும் நூலையும் கத்தரிக்கோலையும் வைத்து உழைக்கத் தெரிந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

பயிற்சி நிலையங்கள் மேல் எனக்கிருக்கும் பெரிய மனத்தாங்கல் கட்டணமும் அல்ல, டம்மிகளின் எண்ணிக்கையும் அல்ல. "முகம் வெள்ளையாகுமா?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பிள்ளைக்கும் அவர்கள் பழக்குவதில்லை. நாளுக்கு நாலு பேராவது அதைக் கேட்கிறார்கள். பெயர் விவரம் இல்லாத சிறு டப்பாக்களில் வரும் வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேறு சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கிறது. பூசும்வரை முகம் பளபளத்து, நிறுத்தியதும் சிவந்து எரிந்து, தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்துவிடும். இவற்றை விற்றால் ஒரு மாத வாடகை ஒரு கிழமையில் வரும். மணப்பெண்ணின் கழுத்து ஒரு நிறமும் முகம் வேறு நிறமுமாகப் பூசிவிடுவதும் அதே நோயின் இன்னொரு வடிவம். படத்தில் கை வேறொருத்தியின் கையாகத் தெரியும். கழுத்தில் வைத்துப் பார்த்து அந்த நிறத்துக்கே முகத்தைக் கொண்டுவரும்படி நான் பழக்குகிறேன். அதனால் சில கல்யாணங்கள் வேறு கடைக்குப் போயிருக்கின்றன, போகட்டும்.

என்னிடம் பயிலும் பிள்ளைகள் ஆளுக்கொரு நாற்பது பக்கக் கொப்பி வைத்திருக்க வேண்டும். இலக்கம், திகதி, தலையின் தன்மை, செய்த வேலை, விட்ட பிழை என்று ஐந்து நிரல்கள். நூறு தலை நிரம்பும்வரை நான் சான்று எழுதிக் கொடுப்பதில்லை. போன மாதம் ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தி தன் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு, எண்பத்தேழாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அதில் இப்படி எழுதியிருந்தது: "உம்மம்மா. வெள்ளை முடி, மெல்லியது. டை கேட்டா. கையில் பழைய கறுப்பு மருதாணித் தழும்பு. பூசவில்லை. எண்ணெய் வைத்துப் பின்னி விட்டேன். உம்மம்மாவுக்குக் கோபம்."

பிழைக்குரிய நிரல் வெறுமையாக இருந்தது.

"டை போடல்லயே மிஸ், இதையும் ஒரு தலையா எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

எடுத்துக்கொள்ளச் சொல்லி, அந்த வரிக்கு நேரே கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.